தகட்டுத் தொழிற்சாலையிலிருந்து வந்த இசை

(பெங்களூரில் நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சங்க மேடையில் ராக் இசையைப் பற்றி என்ன பேச்சு என்று சிலர் முணுமுணுப்பது நமக்குக் கேட்கிறது. வீட்டில் பிள்ளைகள் அதைப் போட்டால், "அந்த இரைச்சலை நிறுத்தடா" என்று அதட்டுகிறவர்களும் நாம்தான். அந்த இரைச்சல் எங்கிருந்து வந்தது என்று நாம் கேட்டதில்லை. இங்கிலாந்தில் பர்மிங்ஹாம் நகரத்தின் ஆஸ்டன் என்ற தொழிலாளர் பேட்டையிலிருந்து வந்தது அது.

1965ஆம் ஆண்டு. டோனி அயோமி என்ற 17 வயதுப் பையன் தகட்டுத் தொழிற்சாலையில் வேலை பார்த்தான். இசைக்குழுவோடு போவதற்காக வேலையை விட்டுவிட்டான். அன்று கடைசி நாள். மதியம் சாப்பிட வீட்டுக்கு வந்தவன், இனிப் போகமாட்டேன் என்றான். நாளை முடித்துவிட்டு வா என்று தாய் அனுப்பி வைத்தாள். பிரஸ்ஸில் நிற்க வேண்டிய ஆள் அன்று வரவில்லை. பழக்கமில்லாத இவனை நிறுத்தினார்கள். வலது கையில் இரண்டு விரல்களின் நுனி போயிற்று. பீன்யாவில் பிரஸ்ஸில் நிற்கும் தோழர்களுக்கு இதற்குமேல் நாம் விளக்க வேண்டியதில்லை.

அவன் இடக்கைக்காரன். கிதாரில் தந்தியை அழுத்துவது அந்த வலது கைதான். மனமுடைந்து கிடந்தவனிடம் தொழிற்சாலை மேற்பார்வையாளர் ஒரு இசைத்தட்டைக் கொடுத்தார். தீயில் இரு விரல்கள் முடங்கிய பிறகும் கிதார் வாசித்த ஜாங்கோ ரைன்ஹார்ட்டின் இசைத்தட்டு அது. பையன் பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி, தையற்காரர் மாட்டுவது போன்ற உறை செய்து, மேலே தோலை ஒட்டி விரலில் மாட்டிக்கொண்டான். மெல்லிய தந்திகளைக் கட்டினான். 1971இல் மூன்றாவது இசைத்தட்டுக்குத் தந்திகளையே தளர்த்திச் சுருதியை இறக்கினான். ஓசை கனத்துவிட்டது. ஹெவி மெட்டல் என்று உலகம் சொல்லுகிற ஓசை அதுதான்.

விபத்து நடந்ததால்தான் இசை பிறந்தது என்று அழகாக எழுதுகிறார்கள். இதை நாம் ஒப்பமாட்டோம். பிரஸ்ஸில் விரல் இழந்த ஆயிரமாயிரம் பேரின் கதையை யார் எழுதினார்கள்?

1968இல் நால்வர் சேர்ந்தார்கள்: அயோமி, ஆஸி ஆஸ்போர்ன், கீஸர் பட்லர், பில் வார்ட். பிளாக் சப்பாத் என்பது குழுவின் பெயர். பாடகரான ஆஸ்போர்ன் கசாப்புக்கூடத்திலும் கார் ஹாரன் தொழிற்சாலையிலும் வேலை பார்த்தவர். திருடிச் சிறைக்கும் போனவர். 1970இல் முதல் இசைத்தட்டு வந்தபோது விமர்சகர்கள் ஏளனம் செய்தார்கள். பேய்ப் பாட்டு என்று பெற்றோர் பயந்தார்கள். (சில பாட்டுகள் நமக்கும் பிடிக்கவில்லைதான்.) ஆனால் அதே ஆண்டின் இரண்டாவது இசைத்தட்டில் 'வார் பிக்ஸ்' இருக்கிறது. வியட்நாமில் குண்டு விழுந்துகொண்டிருந்த நாளில், போரை மூட்டிவிட்டுத் தாம் போகாதவர்களைச் சாடிய பாட்டு.

2011 அக்டோபரில் நம் பெங்களூர் அரண்மனை மைதானத்தில் வாசித்த மெட்டாலிகா, இந்தக் குழுவைத் தன் ஆசானாகக் கொண்டாடுகிறது. நம் பிள்ளைகளும் அந்த வழியில் வந்த இசையைத்தான் கேட்கிறார்கள்.

2025 ஜூலை 5 அன்று ஆஸ்டனில் உள்ள வில்லா பார்க் பந்தாட்ட அரங்கில் நால்வரும் கடைசியாக ஒன்றுசேர்ந்தார்கள். நோயினால் நிற்க முடியாத ஆஸ்போர்ன் நாற்காலியில் அமர்ந்து பாடினார். நிதி மருத்துவ அறப்பணிகளுக்கென அறிவிக்கப்பட்டது. 17 நாட்கள் கழித்து ஆஸ்போர்ன் காலமானார். அயோமிக்கு அன்று வயது 77. விரலில் உறையோடுதான் வாசித்தார்.