பழங்கணனிகளைப் பேணுவோர்

ஒரு பொருள் பழமையடையும்போது அதன் மதிப்புக் கூடுவதுமுண்டு; குறைவதுமுண்டு. ஓவியமும் சிற்பமும் ஆண்டுகள் செல்லச் செல்ல அருமையுடையனவாகக் கருதப்படுகின்றன. யந்திரத்தின் நிலையோ வேறு. நேற்று வந்த யந்திரத்தை இன்று வந்தது பின்தள்ளிவிடுகின்றது. யந்திரங்களுள்ளும் கணனியைப்போல விரைவில் முதுமையெய்துவது பிறிதொன்றில்லை எனலாம். பெரும்பொருள் செலவிட்டு ஓர் அறை நிறைய அமைக்கப்பட்ட கணனி, சில ஆண்டுகள் கழிந்ததும் இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கும் சுமையாக மாறிவிடும். அதனைக் கழற்றி உலோகத்தின் நிறைக்கு விற்றுவிடுவதே நெடுங்காலம் வழக்கமாயிருந்தது.

இவ்வாறு கழித்தொதுக்கப்பட்ட கணனிகளைத் தேடியெடுத்து, அவற்றை மீண்டும் இயங்கச் செய்வதையே தம் பணியாகக் கொண்டோர் பல நாடுகளில் இருக்கின்றனர். இளைப்பாறிய பொறியியலாளர், ஆசிரியர், மாணவர், வேறு தொழில் புரிவோர் எனப் பலதிறத்தார் இவர்களுள் உளர். ஒருவரிடம் எஞ்சியிருக்கும் உதிரிப் பாகத்தை மற்றொருவர் பெறுகின்றார். ஒருவர் கண்டறிந்த நுட்பத்தை மற்றவர் கேட்டறிகின்றார். பழைய கைந்நூல்களும் வரைபடங்களும் பிரதிசெய்யப்பட்டுக் கைமாறுகின்றன. பிரித்தானியாவில் இப்பணிக்கெனக் கணனிப் பாதுகாப்புச் சங்கம் 1989ஆம் ஆண்டில் தோன்றியது. இவர்கள் செய்வது வெறும் பொழுதுபோக்கா, அன்றி உலகுக்கு வேண்டிய தொண்டா என்னும் வினா எழுதல் இயல்பே. ஒரேயொரு கணனியின் வரலாற்றைச் சற்று விரிவாக நோக்கின் அவ்வினாவுக்கு விடை கிடைக்கும்.

இங்கிலாந்திலே ஹார்வெல் என்னுமிடத்தில் அணுசக்தி ஆராய்ச்சி நிலையம் ஒன்று இருந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் அங்கே நடைபெற்ற ஆராய்ச்சிகளுக்கு முடிவில்லாத கணக்கு வேலை தேவைப்பட்டது. மேசையின்மீது வைத்துக் கையாலே இயக்கும் கணக்குப் பொறிகளின் உதவியுடன், ஒரே வகையான கணக்கை நாள்தோறும் மனிதர் இருந்து போட்டுக்கொண்டிருந்தனர். பிழை நேர்வதற்கு இடமான, சலிப்பூட்டும் வேலை அது. அவ்வேலையை ஒரு யந்திரத்திடம் ஒப்படைக்கக் கருதிய குக்-யார்பரோ, பார்ன்ஸ், தோமஸ் என்னும் மூவர் 1949ஆம் ஆண்டில் ஒரு கணனியை வகுக்கத் தொடங்கினர். 1951ஆம் ஆண்டில் அது முதன்முதலாக இயங்கிற்று.

அக்கணனியின் தனிச்சிறப்பு அதன் வேகமன்று. இரண்டு எண்களைப் பெருக்குவதற்கு அதற்கு 5 செக்கன் முதல் 10 செக்கன் வரை செல்லும். அக்காலத்தில் அமைந்த ஏனைய கணனிகளோடு ஒப்பிடினும் இஃது ஆமை நடையே. ஆயினும் வகுத்தோர் வேண்டுமென்றே இவ்வழியைத் தெரிந்தனர். வேகமாக ஓடி அடிக்கடி பழுதாகி நிற்கும் யந்திரத்தைக் காட்டிலும், மெல்ல நடந்து, பார்ப்பார் இல்லாதபோதும் ஓயாது வேலைசெய்யும் யந்திரமே தமக்கு வேண்டியது என அவர்கள் துணிந்தனர். அத்துணிவு பொய்க்கவில்லை. 1952ஆம் ஆண்டு மே மாதம் முதல் 1953ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் வரை, கிழமையொன்றுக்குச் சராசரி 80 மணித்தியாலம் அது வேலைசெய்தது.

ஒருமுறை கைப்பொறி கொண்டு கணக்கிடுவதில் வல்லவரான ஒருவர் அக்கணனியோடு போட்டியிட்டார். அதன் அருகிலேயே தம் பொறியை வைத்துக்கொண்டு, ஒரே கணக்கைத் தாமும் போட்டுவந்தார். ஏறத்தாழ அரைமணி நேரம் அவர் கணனிக்குப் பின்னிடவில்லை. அதன்மேல் களைப்பு மேலிடவே எழுந்துவிட்டார். கணனியோ யாதொன்றும் நிகழாததுபோலத் தன் கணக்கைத் தொடர்ந்துகொண்டிருந்தது. மனிதனை அது வென்றது விரைவினாலன்று, சலியாமையினாலேயே.

அதன் உள்ளமைப்பும் அறியத்தக்கது. இக்காலக் கணனிகள் பூச்சியம், ஒன்று என்னும் இரண்டு இலக்கங்களைக்கொண்டே எல்லாவற்றையும் கணிக்கின்றன. ஹார்வெல் கணனியோ நாம் விரல்விட்டு எண்ணுவதுபோலப் பத்தின் அடிப்படையிலேயே கணித்தது. இலக்கங்களை நினைவில் வைத்திருக்க டெக்கட்ரான் எனப்படும் கண்ணாடிக் குமிழ்கள் பயன்பட்டன. வாயு நிரப்பிய அக்குமிழினுள்ளே, நடுவில் ஒரு தட்டும் அதனைச் சுற்றி வட்டமாகச் சிறு முனைகளும் உள. மின் துடிப்பு ஒன்று வருந்தோறும் சிறு ஒளிப்புள்ளி ஓரிலக்கத்திலிருந்து அடுத்த இலக்கத்துக்கு நகரும். பத்தாவது துடிப்பில் ஒரு சுற்று முடிய, அடுத்த குமிழுக்கு ஒன்று கொண்டுசெல்லப்படும். எனவே கணனி எந்த எண்ணை வைத்திருக்கின்றது என்பதை எதிரில் நிற்பவர் கண்ணாலேயே பார்க்கலாம். இத்தகைய குமிழ்கள் 828 அதிலே இருந்தன. அவற்றோடு 480 ரிலேக்களும் ஓசையெழுப்பித் திறந்து மூடின. செய்யவேண்டியவற்றைக் கூறும் கட்டளைகள் துளையிட்ட கடதாசி நாடாவில் அமைந்தன. முழுக் கணனியின் நிறை இரண்டரைத் தொன்.

1957ஆம் ஆண்டில் ஹார்வெலில் அதற்கு வேலை முடிந்தது. வேறு கணனியாயின் அத்துடன் அழிந்திருக்கும். ஆனால் அதனை நன்கு பயன்படுத்தத்தக்க கல்லூரிக்குக் கொடுப்பதென முடிவாகி, அதற்கெனப் போட்டியொன்று நடத்தப்பட்டது. வுல்வர்ஹாம்ப்டன் நகரத் தொழில்நுட்பக் கல்லூரி அதிலே வெற்றிபெற்றது. அங்கே அதற்கு ‘விட்ச்’ என்னும் புதுப்பெயர் வாய்த்தது. ஆங்கிலத்திலே சூனியக்காரி என்று பொருள்படும் அப்பெயர், அதன் நீண்ட பெயரின் முதலெழுத்துக்களால் ஆனது. 1973ஆம் ஆண்டு வரை மாணவர் தலைமுறைகள் அதன் முன்னே நின்று கணனிக்கலை பயின்றன. வேகம் குறைந்தமை இங்கே குறையாகாது குணமாயிற்று. ஒளிப்புள்ளி நகர்வதை நோக்கியே, கூட்டல் எவ்வாறு நிகழ்கின்றது, பெருக்கல் எவ்வாறு கூட்டலின் தொடராகின்றது என்பவற்றை மாணவர் உணர்ந்தனர்.

அதன்பின் அது பேர்மிங்ஹாம் நகர விஞ்ஞான நூதனசாலையைச் சேர்ந்தது. 1997ஆம் ஆண்டில் அந்நூதனசாலை மூடப்பட்டபோது, கணனி துண்டு துண்டாகக் கழற்றப்பட்டுக் களஞ்சியமொன்றிலே வைக்கப்பட்டது. நாளடைவில் அஃது எங்கே இருக்கின்றது என்பதையே பலரும் மறந்தனர்.

அதனை மறவாதவரும் ஒருவர் இருந்தார். கெவின் மரெல் என்பவர் தம் பதின்ம வயதிலே அக்கணனியை நூதனசாலையிற் கண்டு அதன்பால் ஈடுபாடு கொண்டவர். பல ஆண்டுகள் கடந்தபின், களஞ்சியத்திலுள்ள பொருள்களின் புகைப்படமொன்றைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, ஆளிகள் நிறைந்த ஒரு பலகை அவர் கண்ணிற் பட்டது. அது விட்ச் கணனியின் கட்டுப்பாட்டுப் பலகையே என அவர் உடனே அடையாளங் கண்டார். அந்தப் படம் அவர் கையிற் கிடைத்திராவிடின், அல்லது இளமையிற் கண்ட காட்சி அவர் உள்ளத்தில் நில்லாதிருந்திருப்பின், பிற்பட்ட வரலாறு வேறாக முடிந்திருக்கலாம்.

பிளெட்ச்லி பார்க்கிலுள்ள தேசிய கணனி நூதனசாலையில் 2009ஆம் ஆண்டு திருத்த வேலை தொடங்கிற்று. ஊதியம் பெறாத தொண்டர்களே அதனைச் செய்தனர். இத்தகைய வேலையில் முதல் விதி பொறுமை. பல்லாண்டு உறங்கிய யந்திரத்துக்கு எடுத்த எடுப்பிலே மின்சாரத்தைப் பாய்ச்சினால், உலர்ந்துபோன கொள்ளளவிகள் வெடிக்கலாம்; நல்ல நிலையிலுள்ள பாகங்களும் கெடலாம். ஆதலின் பகுதி பகுதியாகத் துடைத்து, அளந்து, சோதித்து, மின்னழுத்தத்தைச் சிறிது சிறிதாகவே உயர்த்துதல் வேண்டும். இரண்டாவது விதி நேர்மை. இயலுமாயின் பழைய பாகத்தையே பழுதுபார்த்தல் வேண்டும். இயலாதவிடத்து மாற்றியதைக் குறித்துவைத்தல் வேண்டும். இல்லையேல் எது பழையது, எது புதியது என்பதைப் பின்வருவோர் அறியார்.

மூன்று ஆண்டு உழைப்பின் பயனாக 2012ஆம் ஆண்டு நவம்பர் 20ஆந் திகதி அக்கணனி மீண்டும் இயங்கிற்று. அதனை வகுத்தோருள் இருவரும், ஆரம்ப காலத்தில் அதனைப் பயன்படுத்திய ஒருவரும் அவ்விடத்திலிருந்து அக்காட்சியைக் கண்டனர். அடுத்து வந்த ஜனவரி மாதத்தில் குக்-யார்பரோ காலமானார். இந்த இரண்டு மாத இடைவெளி சிந்திக்கத்தக்கது. ஒரு யந்திரத்தைப் பற்றிய அறிவு முழுவதும் நூல்களில் எழுதப்படுவதில்லை. எந்த இணைப்பு அடிக்கடி தளரும், எந்த ஓசை பழுதின் அறிகுறி என்பவை போன்ற நுட்பங்கள் அதனோடு வாழ்ந்தவரின் கையிலும் செவியிலுமே தங்கியிருக்கும். அவர் மறைந்தால் அவையும் மறையும். பழங்கணனிகளைப் பேணுவோர் காலத்தோடு போட்டியிடுவது இதனாலேயே.

காலம் கடந்தபின் எத்துணைத் துன்பமுண்டு என்பதற்குக் கொலோசஸ் கணனி சான்றாகும். போர்க்காலத்தில் ஜேர்மனியரின் மறைமொழிச் செய்திகளை வாசிப்பதற்கு டொமி பிளவர்ஸ் என்னும் பொறியியலாளர் அமைத்தது அது. இரகசியம் காக்கும் பொருட்டுப் போரின்பின் அவ்வகைக் கணனிகள் உடைக்கப்பட்டன, வரைபடங்களும் எரிக்கப்பட்டன. 1993ஆம் ஆண்டில் டோனி செயில் என்பவர் அதனை மீண்டும் அமைக்க முற்பட்டபோது, ஒருசில புகைப்படங்களும், பழைய பொறியியலாளர் சிலர் தம்மிடம் வைத்திருந்த வரைபடத் துணுக்குகளும், முதியோரின் நினைவுமே அவருக்குத் துணையாயின. வேலை நிறைவெய்த 2007ஆம் ஆண்டு ஆயிற்று. சில நாளில் உடைத்ததை மீட்கப் பதினான்கு ஆண்டு சென்றது.

யந்திரத்தைக் காப்பதோடு இப்பணி முடிவதில்லை. கணனிக்கு உடல் வன்பொருளாயின் உயிர் மென்பொருள் எனலாம். காந்த நாடாவிலும் தட்டிலும் பதித்தவை நிலையானவையல்ல. ஆண்டுகள் செல்ல அவை மங்கும். செல்லரிக்கும் ஏட்டை அழியுமுன் புதிய ஏட்டிற் பெயர்த்தெழுதும் கடமை இங்கேயும் உண்டு. பெயர்த்தெழுதினால் மட்டும் போதாது. அதனை வாசிக்கவல்ல கணனியும் வேண்டும்.

1986ஆம் ஆண்டில் பிரித்தானியாவில் நிகழ்ந்த ஒரு முயற்சி இவ்வுண்மையை எல்லோருக்கும் உணர்த்திற்று. 1086ஆம் ஆண்டில் முதலாம் வில்லியம் மன்னன் தன் நாட்டின் நிலபுலங்களைக் கணக்கெடுத்து எழுதுவித்த டூம்ஸ்டே ஏட்டின் 900ஆவது ஆண்டு நிறைவை முன்னிட்டு, மக்களின் அக்கால வாழ்வை விவரிக்கும் புதியதொரு தொகுதியைப் பிபிசி நிறுவனம் ஆக்கியது. பாடசாலைப் பிள்ளைகள் உட்பட பத்து இலட்சத்துக்கு மேற்பட்டோர் தத்தம் ஊரைப் பற்றிய செய்திகளை அதற்கு அளித்தனர். அவை லேசர் தட்டுக்களிலே பதியப்பட்டன. பதினைந்து ஆண்டு கழிந்தபோது, அத்தட்டுக்களை வாசிக்கும் கருவிகள் அருகிவிட்டன. தோலில் எழுதிய பழைய ஏடு 900 ஆண்டுக்குப் பின்னும் வாசிக்கக்கூடியதாயிருக்க, புதிய தொகுதியோ ஒரு தலைமுறைக்குள்ளேயே ஊமையாகும் நிலையை எய்திற்று. இயங்கும் நிலையிற் சில பழைய கருவிகள் எஞ்சியிருந்தமையாலும், அவற்றை இயக்க அறிந்தோர் இருந்தமையாலுமே அச்செய்திகள் மீட்கப்பட்டன. பின்னர் 2011ஆம் ஆண்டில் அவற்றுள் ஒரு பகுதியை மக்கள் மீண்டும் பார்க்க முடிந்தது.

மென்பொருளைக் காப்பதில் சட்டத்தின் இடரும் உண்டு. ஆக்கிய நிறுவனம் மூடப்பட்டு, உரிமை எவரிடம் சென்றதென்று தெரியாதவிடத்து, பிரதிசெய்வோர் தயங்குகின்றனர். உரிமையாளரே முன்வந்தால் அவ்விடர் நீங்கும். மைக்ரோசொஃப்ட் நிறுவனம் தன் பழைய எம்.எஸ்.டொஸ் மென்பொருளின் மூல வடிவத்தை, கலிபோர்னியாவிலுள்ள கணனி வரலாற்று நூதனசாலையின் வாயிலாக 2014ஆம் ஆண்டில் வெளியிட்டமை நல்ல முன்மாதிரியாகும்.

தனியொருவரின் ஆர்வத்தையோ செல்வத்தையோ மட்டும் நம்பியிருப்பது போதுமானதன்று என்பதும் அனுபவம் கற்பித்த பாடம். அமெரிக்காவின் சியாட்டில் நகரிலே பால் அலன் என்னும் செல்வர் நிறுவிய கணனி நூதனசாலை 2012ஆம் ஆண்டில் மக்களுக்குத் திறக்கப்பட்டது. பழைய கணனிகளைக் கண்ணாடிக்குள் வைத்துக் காட்டாது, வந்தவர் தம் கையாலேயே இயக்கவிட்டது அதன் பெருமை. 2018ஆம் ஆண்டில் அவர் காலமானார். 2020ஆம் ஆண்டில் அடைபட்ட கதவுகள் மீண்டும் திறக்கவேயில்லை. 2024ஆம் ஆண்டில் அங்கிருந்த பொருள்கள் பல ஏலத்தில் விலைப்பட்டன. ஒரிடத்திற் சேர்ந்தவை பலவிடத்துக்குச் சிதறின. ஆகவே பொருளும் அறிவும் ஒரே கையில் தங்காமல், பலர் பகிர்ந்து காப்பதே பாதுகாவலாகும். ஆர்வலர்கள் பாகங்களையும் பிரதிகளையும் தமக்குள் பரிமாறிக்கொள்வதன் பயன் இங்கே தெளிவாகின்றது.

இன்று ஒரு சிறுவனின் கைக்குள் அடங்கும் கருவி, ஹார்வெல் கணனி ஒரு நாள் முழுவதும் செய்த வேலையைக் கண்ணிமைக்கு முன் முடித்துவிடும். ஆனால் அது செய்வது எவ்வாறென்பதை அச்சிறுவன் காணமுடியாது. எல்லாம் சிறிய சில்லொன்றினுள் மறைந்துள்ளன. கணக்கு ஒன்று பிறந்து, நகர்ந்து, முடிவெய்துவதைக் கண்முன் காட்டுவது அப்பழைய யந்திரமே. ஒளிப்புள்ளிகள் ஒன்றன்பின் ஒன்றாக நகர்வதை ஒரு பிள்ளை பார்த்து நிற்குமாயின், கணனி என்பது மாயமன்று, மனிதர் சிந்தித்து அமைத்த ஒழுங்கு என்பதை அது தானே அறிந்துகொள்ளும். அவ்வறிவுக்கு இடமளிப்பதாலேயே, பழையவற்றைத் துடைத்துப் பழுதுபார்த்துக் காக்கும் அத்தொண்டர்களின் உழைப்பைப் பொழுதுபோக்கு என்னும் சொல்லுக்குள் அடக்குதல் பொருந்தாது.