கிராமத்து வீட்டு வரி ரசீது எதற்குச் சாட்சி?

(சங்கத்தின் மாதாந்திரக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



போன கூட்டம் முடிந்து படியிறங்கும்போது மூன்று பேர் என்னைத் தனித்தனியே பிடித்துக்கொண்டு ஒரே கேள்வியைக் கேட்டார்கள். "ஊரில் தாத்தா கட்டிய வீடு இருக்கிறது. வரி யார் கட்டுகிறார்கள் என்றே தெரியவில்லை. வீடு கைவிட்டுப் போய்விடுமா?" காரியதரிசி காதில் அது விழுந்துவிட்டது. இன்றைக்கு அதையே பேசச் சொல்லிவிட்டார். நான் வக்கீல் இல்லை. தாலுகா ஆபீஸுக்கும் ஊராட்சி ஆபீஸுக்கும் நடந்து செருப்புத் தேய்ந்த அனுபவம்தான் எனக்குள்ள யோக்யதை.

மும்பையில் இருக்கும் நமக்கு வீட்டு வரி கட்டுகிற பழக்கமே விட்டுப்போய்விட்டது. மாநகராட்சி சொஸைட்டிக்கு பில் அனுப்புகிறது. சொஸைட்டி அதை மெயின்டெனன்ஸோடு சேர்த்து வாங்கிவிடுகிறது. 2010 முதல் இங்கே மூலதன மதிப்பை வைத்து வரி. 500 சதுர அடிக்கு உட்பட்ட ஃப்ளாட்டுக்கு 2022-ல் வரியையே தள்ளுபடி செய்துவிட்டார்கள். கிராமத்தில் அப்படி இல்லை. பூட்டிய கதவில் நோட்டீஸ் ஒட்டினால் செம்பூரில் இருப்பவருக்கு எப்படித் தெரியும்?

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். ஊரில் நமக்கு வேண்டிய ஆபீஸ் இரண்டு. ஒன்று வருவாய்த் துறை. அங்கே இருப்பவர் வி.ஏ.ஓ., அதாவது கிராம நிர்வாக அலுவலர். கர்ணம், மணியக்காரர் பதவிகளை 1980-ல் ஒழித்தார்களே, அதற்குப் பிறகு வந்த பதவி. (இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் சிலருடைய தாத்தாவே கர்ணமாக இருந்திருப்பார். அந்தக் கதையை எடுத்தால் காபி ஆறிவிடும்.) பட்டா, சிட்டா, அடங்கல், நிலவரி எல்லாம் அவர் பொறுப்பு. மற்றொன்று கிராம ஊராட்சி. வீட்டு வரியும் குடிநீர்க் கட்டணமும் ஊராட்சிச் செயலரிடம். ஆக, மனை ஒரு கணக்கில், அதன்மேல் நிற்கும் வீடு வேறு கணக்கில். "நான்தான் கிஸ்தி கட்டிவிட்டேனே" என்கிறவர் வீட்டு வரி கட்டியதாக ஆகாது. ஒன்றில் பெயர் மாறினால் மற்றொன்றில் தானாக மாறவும் மாறாது.

வீட்டு வரி விதிக்கிற அதிகாரம் 1994-ஆம் வருடத்துத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்திலிருந்து வருகிறது. கீற்றா, ஓடா, கான்கிரீட்டா, எத்தனை சதுர அடி என்று பார்த்துப் போடுவார்கள். நகரத்து வரியைப் பார்த்த கண்ணுக்கு அது ஒரு தொகையாகவே தெரியாது. ரசீதில் நூலக வரி என்று ஒரு வரி இருக்கும், பாருங்கள். வரி ரூபாய்க்கு 10 பைசா. 1948-ல் சென்னை மாகாணத்தில் வந்த பொது நூலகச் சட்டத்தின் பலன் அது. அந்தச் சட்டத்துக்காகப் பல வருடம் மன்றாடியவர் சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன். நம் பூட்டிய வீடும் ஏதோ ஒரு பையன் புஸ்தகம் படிக்க உதவுகிறது என்று எண்ணிக்கொண்டால் கட்ட மனம் வரும்.

தொகை சின்னது என்பதால்தான் நாம் ஏமாந்துபோகிறோம். எங்கள் குடும்பத்தில் நடந்ததையே சொல்கிறேன். அப்பா காலமான பிறகு, கும்பகோணத்துக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் வீட்டுக்குத் திருச்சியில் இருந்த தம்பிதான் வரி கட்டி வந்தான். எங்களிடம் ஒரு காசு கேட்டதில்லை. ஒரு வருடம் ரசீது அப்பா பெயரில் வராமல் அவன் பெயரில் வந்தது. பணம் கொண்டுவந்தவர் பெயரை எழுதிவிட்டார்கள், அவ்வளவுதான். அவன் கவனிக்கவில்லை. கல்யாணத்துக்கு வந்த என் தங்கை கவனித்தாள். இரண்டு வருடம் அவனோடு பேச்சில்லை.

அப்போது ஒரு வக்கீலிடம் போனேன். வரி ரசீது யார் பணம் கட்டினார் என்பதற்கு அத்தாட்சி, சொத்து யாருடையது என்பதற்கு அல்ல என்றார். வருவாய்க் கணக்கில் பெயர் ஏறுவதால் மட்டும் உரிமை வராது என்று சுப்ரீம் கோர்ட்டும் பல முறை சொல்லியிருக்கிறது. கூட்டுச் சொத்தில் ஒருவர் கட்டினால், எதிராக எதுவும் நடக்காதவரை, எல்லோருக்காகவும் கட்டியதாகவே அர்த்தம். பன்னிரண்டு வருட அனுபவ பாத்தியதை என்று பயமுறுத்துவார்கள். உரிமையாளரை மறுத்து, பகிரங்கமாக, தனக்கே சொந்தம் என்று அனுபவித்திருந்தால்தான் அந்த வாதம் நிற்கும். வாடகைக்கு இருப்பவரோ, பார்த்துக்கொள்ளச் சொல்லி நாம் வைத்தவரோ வெறும் ரசீதை நீட்டி வீட்டை எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் அவர் பெயரில் வருடக்கணக்கில் ரசீது சேர்ந்தால், நாளைக்கு வழக்கு என்று வரும்போது அதுவும் ஒரு காகிதமாக முன்னால் வைக்கப்படும்.

தங்கை சமாதானமானாள். நான் அதோடு விட்டுவிட்டேன். அதுதான் தப்பு. தம்பி போன பிறகு அவன் பிள்ளைகள் பெட்டியைத் திறந்தால் கட்டுக் கட்டாக அவன் பெயரில் ரசீது. "வீடு எங்கள் அப்பாவுடையது" என்று அவர்கள் நினைத்ததில் குற்றமே இல்லை. நடந்ததைச் சொல்ல அவன் இல்லை. நான் சொன்னால், பங்குக்காகப் பெரியப்பா பேசுகிறார் என்று ஆகிறது. கடைசியில் தாத்தா வாங்கிய கிரயப் பத்திரத்தின் நகலைச் சார்பதிவாளர் ஆபீஸில் எடுத்து, வில்லங்கச் சான்றும் போட்டு முன்னால் வைத்த பிறகுதான் குழந்தைகள் முகம் பழையபடி ஆயிற்று.

ஆகையால், பெயர் மாற்றத்தைத் தள்ளிப்போடாதீர்கள். இறப்புச் சான்றிதழ், தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழ், பத்திர நகல், கடைசி ரசீது இவற்றோடு ஊராட்சியில் மனுக் கொடுங்கள். பழைய பாக்கியை முழுக்கக் கட்டச் சொல்வார்கள், கட்டிவிடுங்கள். பெண்களை விட்டுவிடாதீர்கள், 2005-ஆம் வருடத் திருத்தத்துக்கும் 2020-ல் வந்த சுப்ரீம் கோர்ட் தீர்ப்புக்கும் பிறகு, பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனுக்குச் சமமான பங்கு. மனையின் பட்டாவுக்குத் தாலுகாவில் தனி மனு. எங்கள் வீட்டுக்கு இப்போது எல்லா வாரிசுகளின் பெயரிலும் ரசீது வருகிறது. 2023 முதல் கிராம ஊராட்சி வரியை இன்டர்நெட்டிலேயே கட்டலாம். நான் தாதரிலிருந்து ரயிலில் வரும்போது போனில் கட்டினேன். வரி விதிப்பு எண் மட்டும் கையில் இருக்க வேண்டும்.

வீட்டை வாடகைக்கு விட்டிருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அந்த வருடத்தில் உண்மையாகக் கட்டிய வரியை வாடகை வருமானத்தில் கழித்துக்கொண்டு வருமான வரி கணக்குக் காட்டலாம். கட்ட வேண்டிய பாக்கியைக் கழிக்க முடியாது.

பழைய ரசீது கொண்டுவந்திருப்பவர்கள் காபிக்குப் பிறகு ஜன்னல் ஓரம் வாருங்கள், சேர்ந்து பார்க்கலாம். நாற்பது வருடத்துக்கு முந்தையதானாலும் பரவாயில்லை. எண் தெரிந்தால் போதும்.