கணக்கில் வராத படிப்பு

(மாணவர்களுக்கான ஒருநாள் பயிற்சி முகாமில் ஒரு செவிலியர் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சுநடை பெரிதும் மாற்றப்படவில்லை.)



எனக்கு மேடையில பேசிப் பழக்கமில்லை. வார்டுல பேசித்தான் பழக்கம். நர்சிங் படிப்புக்கு நம்ம பிள்ளைங்க எப்படித் தயாராகணும்னு பேசச் சொல்லி தோழர்கள் கூப்பிட்டாங்க. நான் நேர்வழியில் போனவள் இல்லை. உடற்கல்வியில் பட்டம் வாங்கிவிட்டு, அதற்குப் பிறகு நர்சிங் போனவள். ஏன் அப்படிச் சுற்றிப் போக வேண்டி வந்தது, அந்தச் சுற்றுவழியில் எனக்கு என்ன கிடைத்தது, கிடைத்ததைக் கணக்கில் எடுக்க மறுத்தது எது என்று சொல்கிறேன். என் சொந்தக் கதையாக மட்டும் இதைக் கேட்காதீங்க. உங்களில் பலபேருக்கு இது நடக்கப் போகுது. சிலபேருக்கு நடந்து முடிஞ்சிருக்கு.

எங்க அம்மாச்சி பிரசவம் பார்த்தவங்க. ராத்திரி ஊருக்குள்ளேயிருந்து ஆள் வரும். கொல்லைப்பக்கமாகப் போய்ப் பிள்ளையை எடுத்து, கொடி அறுத்து, நஞ்சுக்கொடியைப் புதைத்துவிட்டு, அதே கொல்லைப்பக்கமாகத் திரும்பி வருவாங்க. கூலி நெல். அவங்க போன பிறகு அந்த இடத்தைக் கழுவி விடுவாங்க. பிள்ளையின் தலை திரும்பியிருக்கிறதா என்று கை வைத்தே சொல்லத் தெரிந்த பெண்ணுக்கு ஊர் கொடுத்த மரியாதை அவ்வளவுதான். அந்தக் கையின் உழைப்பு ஊருக்கு வேணும். அந்தக் கைக்குள் இருந்த அறிவுக்கு மட்டும் பெயர் கிடையாது. இதை மனசுல வச்சுக்குங்க. நான் சொல்லப்போற எல்லாத்துக்கும் அடி இதுதான்.

நான் பத்தாவதில் நல்ல மார்க். நர்ஸ் ஆகணும்னு ஆசை. பதினொன்றாம் வகுப்பில் சேரப் போனபோது எங்கள் பக்கத்து மேல்நிலைப் பள்ளியில் உயிரியல் ஆசிரியர் இல்லை. சயின்ஸ் குரூப் வேணும்னா இரண்டு பஸ் மாறி டவுனுக்குப் போகணும். பொம்பளைப் பிள்ளையை இருட்டுல யார் கூட்டிட்டு வருவாங்க என்று வீட்டில் யோசித்தார்கள். ஹிஸ்டரி குரூப்பில் சேர்த்துவிட்டார்கள். அந்த ஒரு காலை நேரத்தில், எனக்கு வயசு பதினஞ்சு, ஒரு கதவு சாத்தப்பட்டது. சாத்தியதே எனக்குத் தெரியாது. ப்ளஸ் டூ முடித்து பி.எஸ்சி. நர்சிங் விண்ணப்பம் வாங்கப் போனபோதுதான் தெரிந்தது: இயற்பியல், வேதியியல், உயிரியல் படித்திருக்க வேண்டும். இந்திய நர்சிங் கவுன்சில் விதிப்படி அந்தப் பாடங்களோடு ஆங்கிலமும் சேர்த்து 45 விழுக்காடு. பட்டியல் சாதியினருக்கு 5 விழுக்காடு தளர்வு உண்டு. மதிப்பெண்ணில் தளர்வு கொடுப்பாங்க. பாடத்தையே கண்ணில் காட்டாத பள்ளிக்கூடத்துக்கு என்ன தளர்வு?

இடஒதுக்கீட்டுக்காக நாம் ரத்தம் சிந்தியிருக்கிறோம். தமிழ்நாட்டில் 18 விழுக்காடு, அதற்குள்ளே 2009 முதல் அருந்ததியருக்கு 3 விழுக்காடு. அதைக் காப்பாற்ற வேண்டும். ஆனால் அந்த விழுக்காடு விண்ணப்பம் போடத் தகுதி இருக்கிறவருக்குத்தான். உயிரியல் குரூப் இல்லாத பள்ளியிலிருந்து வருகிற பெண் அந்த வரிசையிலேயே நிற்க முடியாது. நம்மை இடஒதுக்கீட்டுக்கு வெளியே நிறுத்த யாரும் சட்டத்தைத் திருத்த வேண்டியதில்லை. ஒரு ஆசிரியர் பணியிடத்தைக் காலியாகப் போட்டு வைத்தால் போதும்.

கபடி எனக்கு வரும். மாவட்ட அளவில் ஆடியிருந்தேன். அந்தச் சான்றிதழை வைத்து 2009இல் ஒரு கல்லூரியில் பி.எஸ்சி. உடற்கல்வி, நலக்கல்வி, விளையாட்டு என்ற பட்டப்படிப்பில் இடம் கிடைத்தது. எந்த குரூப் படித்திருந்தாலும் சேரலாம். 'பி.டி. படிப்புதானே, விசில் ஊதுற படிப்பு' என்று கேலி பேசுவார்கள். நானும் அப்படி நினைத்துத்தான் போனேன்.

உள்ளே போய்ப் பார்த்தால் வேற. முதல் வருஷமே உடற்கூறியல், உடலியங்கியல். 206 எலும்பையும் தொட்டுத் தொட்டுச் சொல்லணும். எந்தத் தசை எங்கே தொடங்கி எங்கே ஒட்டுகிறது, முழங்காலை மடக்க எது இழுக்கிறது என்று கைனீசியாலஜி. ஓடுவதற்கு முன் நாடி, ஓடிய பின் நாடி, எத்தனை நிமிஷத்தில் பழைய நிலைக்குத் திரும்புகிறது என்று நோட்டில் எழுதணும். இதயம் ஒரு தடவை அடித்தால் எவ்வளவு ரத்தம் தள்ளுது, மூச்சு வாங்குவது ஏன், தசை பிடிப்பது ஏன், எல்லாம் எங்க உடம்பையே வைத்துப் படித்தோம். சத்துணவு, விளையாட்டு உளவியல், முதலுதவி, காயம்பட்டவரைத் தூக்குவது, மறுவாழ்வுப் பயிற்சி எல்லாம் இருந்தது. ஆடுகளத்தில் ஒருத்திக்குக் கணுக்கால் பிசகினால் ஐஸ் வைத்து, கட்டுப் போட்டு, காலை உயர்த்தி வைக்கிறது நான்தான். அப்போதுதான் எனக்கு உறைத்தது: நான் படிக்கிறது நர்சிங்கின் முதல் பாதி.

2012இல் பட்டத்தோடு போய்க் கேட்டேன். 'ப்ளஸ் டூவில் பயாலஜி இல்லையே' என்றார் மேசைக்குப் பின்னால் இருந்தவர். மூன்று வருஷம் உடற்கூறியலும் உடலியங்கியலும் படிச்சிருக்கேன் சார், மார்க் பட்டியலைப் பாருங்கன்னேன். அவர் பார்க்கவே இல்லை. 'அது கணக்குல வராதும்மா.'

இப்போது கவுன்சில் 2021இல் கொண்டுவந்த பி.எஸ்சி. நர்சிங் பாடத்திட்டத்தை எடுத்துப் பாருங்கள். முதல் பருவத்தில் ஆங்கிலம், உடற்கூறியல், உடலியங்கியல், சமூகவியல், உளவியல், செவிலியத்தின் அடிப்படை. இவற்றில் பாதியை உடற்கல்வி மாணவி ஏற்கெனவே பட்ட அளவில் படித்து முடித்திருக்கிறாள். பதினேழு வயதில் தொட்ட பாடம் கணக்கில் வரும், இருபது வயதில் அதைவிட ஆழமாகப் படித்தது வராது. இதற்கு அறிவியல் காரணம் ஏதும் எனக்குத் தெரியவில்லை.

எங்கும் இப்படித்தானா என்றால் இல்லை. என்னுடன் வேலை பார்த்த ஒருவர் இப்போது அமெரிக்காவில் நர்ஸ். அவர் சொல்லி விசாரித்துத் தெரிந்துகொண்டேன். அங்கே உடற்பயிற்சி அறிவியல், நலவியல் மாதிரியான பட்டம் முடித்துவிட்டு நர்சிங்குக்குப் போவது ஊரறிந்த வழி. வேறு பட்டம் வைத்திருப்பவர்களுக்கென்றே விரைவு நர்சிங் பட்டம் இருக்கிறது. 1971இல் செயின்ட் லூயிஸ் பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. பெரும்பாலும் 12 முதல் 18 மாதம். முன்தேவையாக ஆய்வகத்தோடு உடற்கூறியல், உடலியங்கியல் இரண்டு பருவம், நுண்ணுயிரியல், வேதியியல், புள்ளியியல், சத்துணவியல், வளர்ச்சி உளவியல் கேட்பார்கள். உடற்பயிற்சிப் பட்டத்தில் பெரும்பகுதி வந்துவிடும். விட்டுப்போனதை மட்டும் ஒரு சமூகக் கல்லூரியில் தனிப்பாடமாகப் படித்துச் சேர்த்துக்கொள்ளலாம். பள்ளிக்கூடத்தில் என்ன குரூப் என்று யாரும் கேட்பதில்லை.

அதுக்காக அமெரிக்காவைச் சொர்க்கம்னு நான் சொல்ல வரலை. அந்த விரைவுப் படிப்புக்குப் பெரிய கடன் வாங்கணும், படிக்கிற காலத்தில் வேலைக்கும் போக முடியாது. ஏழைக் கறுப்பினப் பெண்ணுக்கு அது எளிதில்லை. அங்கே முறையாகப் பயிற்சி பெற்ற முதல் கறுப்பின நர்ஸ் மேரி எலிசா மஹோனி பட்டயம் வாங்கியது 1879இல். வெள்ளையர் சங்கங்களின் கதவு திறக்காததால் கறுப்பின நர்சுகள் 1908இல் தங்களுக்கென்று தேசிய சங்கம் கட்டினார்கள். 1951இல் அது அமெரிக்க நர்சுகள் சங்கத்தோடு இணையும் வரை 40 ஆண்டுக்கு மேல் போராடினார்கள். கறுஞ்சிறுத்தைகளைப் பார்த்து 1972இல் மும்பையில் தலித் சிறுத்தைகள் எழுந்ததைப் பேசுகிற நாம், இந்த நர்சுகளையும் பேச வேண்டும். எந்தக் கதவும் தானாகத் திறக்கவில்லை.

சரி, எனக்கு எந்த வாசல் கிடைத்தது? ஜி.என்.எம். என்கிற பட்டயப் படிப்பு. கவுன்சில் விதியில் அதற்கு ஆங்கிலத்தோடு ப்ளஸ் டூவில் 40 விழுக்காடு போதும். அறிவியல் இருந்தால் முன்னுரிமை, கட்டாயம் இல்லை. வயது 17 முதல் 35. ஒரு தனியார் பள்ளியில் சேர்ந்தேன். அன்றைக்கு மூன்றரை வருஷம், இப்போது மூன்று வருஷம். உதவித்தொகைக்கு எழுதிப் போட்டேன். ஏற்கெனவே பட்டம் வாங்கிவிட்டாய், கிடையாது என்றார்கள். ஒரு கட்டப் படிப்பை முடித்தவர் அதே கட்டத்தில் வேறு பாடம் படித்தால் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை இல்லை என்று விதியில் எழுதி வைத்திருக்கிறார்கள், பி.ஏ. முடித்து பி.காம். படித்தால் கிடையாது என்று உதாரணம் வேறு. வசதியானவன் பிள்ளை முதல் படிப்பு பிடிக்கவில்லை என்றால் அப்பன் காசில் இரண்டாவது படிப்பான். நம் பிள்ளை பதினஞ்சு வயசில் ஊரும் அரசும் சேர்ந்து தள்ளிவிட்ட இடத்திலேயே ஆயுசுக்கும் கிடக்கணும். எங்க அம்மா கம்மலை அடகு வச்சாங்க. அது மூழ்கிப் போச்சு.

வகுப்பில் உடற்கூறியல் எனக்குத் தண்ணி பட்ட பாடு. பக்கவாதம் வந்தவருக்கு மூட்டுகளை அசைத்துவிடுகிற பயிற்சி, படுக்கைப்புண் வராமல் இரண்டு மணிக்கொருதரம் புரட்டிப் படுக்க வைப்பது, அறுவை முடிந்தவரை எழுப்பி நடக்க வைப்பது, மூச்சுப் பயிற்சி, என் இடுப்பு முறியாமல் ஆளைத் தூக்குவது, எல்லாம் ஆடுகளத்தில் படித்ததுதான். தடுமாறியது எதில் என்றால் நுண்ணுயிரியலில், வேதியியலில், மருந்துக் கணக்கில், ஆங்கிலத்தில். 500 மில்லி டிரிப்ஸ் எட்டு மணி நேரத்தில் ஏற வேண்டும், ஒரு மில்லிக்கு 20 சொட்டு விழும் செட் என்றால் நிமிஷத்துக்கு எத்தனை சொட்டு? 21. இதைத் தூக்கத்திலும் சொல்லணும். நான் ராத்திரி உட்கார்ந்து அழுதுகொண்டே கற்றேன்.

அங்கே நடந்த ஒன்றைச் சொல்லணும். வார்டில் பெட்பான் எடுக்கிற முறை வரும்போதெல்லாம் ஒரு ஆசிரியை என் பெயரைத்தான் கூப்பிடுவார். ஒருநாள் வாய்விட்டே சொன்னார்: 'உனக்குப் பழக்கம்தானே.' எனக்குக் காது அடைத்துவிட்டது. நான் சொன்னேன்: 'மேடம், பெட்பான் எடுக்கிறது நர்ஸ் வேலை, நான் எடுப்பேன். சிறுநீர் என்ன நிறம், எவ்வளவு அளவு, மலத்தில் ரத்தம் இருக்கான்னு பார்த்து எழுதுறது படிப்பு. அந்தப் படிப்பு எல்லாருக்கும் வேணும். முறை போடுங்க.' முறை போட்டார்கள். அதற்குப் பிறகு என் உள்மதிப்பெண் குறைந்தது. அதையும் சேர்த்துத்தான் சொல்றேன்.

அண்ணல் சொன்ன படிநிலைச் சமத்துவமின்மையை ஒரு ஆஸ்பத்திரிக்குள் நடந்து பார்த்தால் கண்ணால் காணலாம். டாக்டர், நர்ஸ், ஆயா, துப்புரவுத் தொழிலாளி. கீழே போகப் போக யார் இருக்கிறார்கள் என்று உங்களுக்கே தெரியும். 1946இல் போர் குழு அறிக்கை தந்தபோது இந்தியாவில் ஏறத்தாழ 43,000 பேருக்கு ஒரு நர்ஸ். தொட்டால் தீட்டு என்று சாதி இந்துப் பெண்கள் ஒதுங்கிய தொழில் இது. வெளிநாட்டுச் சம்பளம் வந்ததும் தீட்டு போய்விட்டது, தகுதி பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

இனி செய்ய வேண்டியது. பத்தாவது படிக்கிற தங்கச்சி இருந்தால், குரூப் எடுப்பதற்கு முன் உட்கார வைத்துப் பேசுங்கள். நம் இயக்கம் ஆண்டுதோறும் மே, ஜூனில் காலனிதோறும் செய்ய வேண்டிய வேலை இது. குரூப் தவறிப் போனவர்கள் நம்பிக்கை இழக்காதீங்க. தேசியத் திறந்தநிலைப் பள்ளி வழியாக அறிவியல் பாடங்களை எழுதித் தேறினால் கவுன்சில் விதி ஏற்கிறது. எனக்கு இதைச் சொல்ல ஆளில்லை. சேரப்போகும் இடத்தில் மட்டும் முன்கூட்டி எழுத்தில் கேட்டு வாங்கிக்குங்க. ஜி.என்.எம். முடித்துப் பதிவு செய்தவர்கள் இரண்டு வருஷப் போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. படித்துப் பட்டத்துக்கு ஏறலாம். உடற்கல்விப் பட்டத்தில் இருப்பவர்கள் உடற்கூறியலை மனப்பாடம் செய்யாமல் புரிந்து படியுங்கள். கூடவே நுண்ணுயிரியல், மருந்துக் கணக்கு, ஆங்கிலம் மூன்றையும் இப்போதே தொடங்குங்கள். கவுன்சில் பதிவு இல்லாத மூன்று மாத, ஆறு மாத 'நர்சிங்' படிப்புகளில் காசைக் கொட்டாதீங்க.

இயக்கம் கேட்க வேண்டியவை மூன்று. ஒவ்வொரு ஆதிதிராவிடர் நல மேல்நிலைப் பள்ளியிலும் உயிரியல் பிரிவும் ஆசிரியரும் ஆய்வகமும் இருக்க வேண்டும். உடற்கல்வி போன்ற பட்டம் முடித்தவர்களுக்கு விட்டுப்போன பாடங்களை மட்டும் படிக்க வைக்கும் ஓராண்டு இணைப்புப் படிப்பும், அதன் வழியே பி.எஸ்சி. நர்சிங் இடமும் வேண்டும். இரண்டாவது படிப்புக்கு உதவித்தொகை இல்லை என்ற விதி, முதல் தலைமுறையாகப் படிக்கிற நம் பிள்ளைகளுக்குத் திருத்தப்பட வேண்டும்.

எங்க அம்மாச்சி சாகும்போது நான் நர்ஸ் ஆகிவிட்டேன். ஆஸ்பத்திரியில் என் வார்டில்தான் இருந்தாங்க. நாடி பிடித்துக்கொண்டிருந்தபோது கேட்டாங்க: 'நீ எந்த வாசல் வழியா வேலைக்குப் போற?' முன்வாசல் வழியாத்தான் ஆயான்னேன். சிரிச்சாங்க. அந்த வாசலுக்குள் நான் ஒருத்தி மட்டும் நுழைந்தால் போதாது. வாங்க, எல்லாரும் சேர்ந்து திறப்போம்.

ஜெய்பீம்.