தங்கவயலின் மூச்சு



எண்ணமும் நம்பிக்கையும் அன்றாடப் பழக்கமும் உடல்நலத்தை எப்படி ஆக்குகின்றன, எப்படிக் கெடுக்கின்றன என்பது பேத்தமங்களாவில் நடக்கும் இந்தக் கருத்தரங்கின் பொருள். இதைப் பேசப் பெங்களூரில் குளிரூட்டிய அரங்குகளுக்குப் பஞ்சமில்லை. ஆனாலும் பேத்தமங்களாவுக்கு ஒரு உரிமை உண்டு. பாலாற்றை மறித்து நிற்கும் இந்த ஊர் ஏரியிலிருந்துதான் கோலார் தங்கவயலுக்குக் குழாயில் தண்ணீர் போனது. குளி, கை கழுவு, காய்ச்சிக் குடி என்று பள்ளிப் புத்தகம் சொல்லும் நல்ல பழக்கம் எதுவானாலும், சுரங்கத் தொழிலாளர்களின் லைன் வீடுகளில் அது குழாயில் தண்ணீர் வரும் நேரத்துக்குக் கட்டுப்பட்டதுதான். பழக்கத்தைப் பற்றிப் பேச வருகிறவர்கள் முதலில் அந்தக் குழாயைப் பார்த்துவிட்டு வருவது நல்லது.

பழக்கத்திலிருந்து நம்பிக்கைக்கு வருவோம். ‘மனம் வைத்தால் நோய் பறக்கும்’ என்று சொல்லும் புத்தகங்கள் ரயில் நிலையக் கடைகளில் அடுக்கடுக்காக விற்கின்றன. அவற்றை முழுப்பொய் என்று தள்ளிவிட முடியாது. 2011இல் அமெரிக்காவில் ஆஸ்துமா நோயாளிகளிடம் ஒரு சோதனை நடந்தது. அதே நோயாளிகளுக்கு ஒரு சமயம் உண்மையான இன்ஹேலர், ஒரு சமயம் மருந்தில்லாத போலி இன்ஹேலர், ஒரு சமயம் போலி அக்குபங்சர், ஒரு சமயம் எதுவும் கொடுக்காமல் காத்திருப்பு. எவ்வளவு தேறியிருக்கிறது என்று கேட்டபோது, உண்மை மருந்துக்கு 50 சதவீதம், போலி இன்ஹேலருக்கு 45, போலி அக்குபங்சருக்கு 46 என்றார்கள். சும்மா காத்திருந்தபோது 21தான். நம்பிக்கை ஏறத்தாழ மருந்துக்குச் சமமாக வேலை செய்திருக்கிறது. பிறகு கருவியில் ஊதச் சொல்லி நுரையீரலை அளந்தார்கள். உண்மை மருந்தால் மூச்சின் வேகம் 20 சதவீதம் கூடியிருந்தது. மற்ற மூன்றிலும் 7 சதவீதம்தான்.

இதில் இரண்டு வகை எண்களையும் சேர்த்தே படிக்க வேண்டும். நோயாளிக்கு இதமாக இருந்தது உண்மை. மருந்தில் விரிந்த அளவு மூச்சுக்குழாய் விரியவில்லை என்பதும் உண்மை. ஆஸ்துமா முற்றும் வேளையில் இந்த இதத்தை நம்பி வீட்டிலேயே உட்கார்ந்திருப்பவரின் கதி என்ன என்று மருத்துவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

நுரையீரல் என்றதும் தங்கவயலுக்கு வந்தாக வேண்டும். 1880இல் தங்கம் தோண்ட ஜான் டெய்லர் கம்பெனி இறங்கியது. 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போனது. வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் வந்த தமிழர்கள், பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சாதியினர், அந்த ஆழத்தில் குவார்ட்ஸ் பாறையைத் துளைத்தார்கள். துளைக்கும்போது எழும் தூசியில் கண்ணுக்குத் தெரிவது அவ்வளவு ஆபத்தில்லை. மூக்கும் தொண்டையும் அதைப் பிடித்துவிடும். கண்ணுக்கே தெரியாத பொடி நுரையீரலின் கடைசிச் சிற்றறை வரை போய்த் தங்குகிறது. அதை விழுங்க வரும் தற்காப்பு அணுக்கள் செத்து விழ, அந்த இடம் தழும்பாகிறது. எக்ஸ்ரே படத்தில் நுரையீரலின் மேல்பகுதியில் சிறுசிறு புள்ளிகளாகத் தெரிவது அந்தத் தழும்புகள்தான். வேலையை விட்ட பிறகும் அந்தத் தழும்பு வளரும். சிலிகோசிஸ் என்னும் இந்தத் தூசி நோய் இந்தியாவில் முதன்முதலாகப் பதிவானது கோலார் தங்கச் சுரங்கத்தில், 1947இல் என்று மருத்துவ மாணவர்களின் பாடநூல் சொல்கிறது. மாடிப்படியில் நாலாம் படியிலேயே நின்று மூச்சு வாங்குகிறவர் ‘வயசாயிடுச்சு’ என்று சொல்லிக்கொள்வதும் ஒரு நம்பிக்கைதான். அந்த நம்பிக்கை அவரை எக்ஸ்ரே எடுக்கப் போகவிடாமல் தடுக்கிறது.

சிலிகோசிஸ் வந்த நுரையீரலில் காசநோய் எளிதாகக் குடியேறும். அதிகமாகக் குடிப்பவர்களுக்கும் காசநோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ மூன்று மடங்கு. உடம்பு வலிக்கு ஒரு கிளாஸ் போட்டால் சரியாகும் என்பது கடும் உழைப்பு நடக்கும் ஊர்களில் எல்லாம் உள்ள நம்பிக்கை. தங்கவயலில் அது மூச்சுக்கே உலை வைத்தது.

இந்தக் குடிப் பழக்கத்தை எப்படி மாற்றுவது என்பதில்தான் தங்கவயல் உலகத்துக்குச் சொல்ல ஒரு செய்தி இருக்கிறது. ஆய்வாளர்கள் இன்னும் போதுமான அளவு கவனிக்காத செய்தி. அயோத்திதாசப் பண்டிதர் சித்த மருத்துவர். 1898இல் கொழும்பு சென்று பௌத்தம் தழுவினார். 1907இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழைத் தொடங்கினார். அவருடைய சாக்கிய பௌத்த சங்கம் தங்கவயலின் மாரிக்குப்பத்திலும் சாம்பியன் ரீஃபிலும் வேரூன்றியது. 1914இல் அவர் மறைந்தார். பிற்பாடு ஜி. அப்பாதுரையார் 1926 முதல் ‘தமிழன்’ இதழைத் தங்கவயலிலிருந்தே நடத்தினார். சித்தார்த்தா புத்தகசாலை பண்டிதரின் நூல்களை அச்சிட்டது. பௌத்தத்தின் ஐந்து ஒழுக்கங்களான பஞ்சசீலத்தில் ஐந்தாவது, மதுவை விலக்குவது. குடியை விடு என்று தனியொருவனிடம் சொல்வது எளிது; சொன்னவர் போனதும் அவன் சாராயக்கடைக்குப் போவதும் எளிது. சங்கம் அவனுக்குப் போக வேறொரு இடம் கொடுத்தது. கூட்டம், வாசிப்பு, விவாதம், கூட இருக்க ஆட்கள், தீண்டத்தகாதவன் என்ற பட்டத்துக்குப் பதிலாகப் பூர்வ பௌத்தன் என்ற தன்மதிப்பு. எண்ணம் பழக்கமாக மாறியது இப்படித்தான். அதற்காகச் சுரங்கத் தூசி குறைந்துவிடவில்லை. தண்ணீர் பாய்ச்சித் துளையிடுவதும் காற்றோட்டம் அமைப்பதும் கம்பெனியின் வேலை. அவற்றை எந்தச் சீலமும் செய்துவிட முடியாது.

2001 பிப்ரவரி 28ஆம் தேதி சுரங்கம் மூடப்பட்டது. கூலி நின்றது எல்லோருக்கும் தெரியும். சுரங்கத்தின் சங்கும் நின்றது. மூன்று ஷிப்டுக்கும் எழுப்பி, உண்ணவைத்து, உறங்கவைத்துக்கொண்டிருந்த சங்கு அது. வேலையோடு நாளின் ஒழுங்கும் போனால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு சான்று உண்டு. ஆஸ்திரியாவில் மரியந்தால் என்ற சிற்றூரின் ஆலை மூடியபோது ஆய்வாளர் மரி யஹோதாவும் தோழர்களும் அங்கே போய் ஆராய்ந்து 1933இல் ஒரு நூல் வெளியிட்டார்கள். வேலையிழந்தவர்களுக்கு நேரம் ஏராளம். ஆனால் நூலகத்தில் புத்தகம் எடுப்பது குறைந்திருந்தது. தெருவில் ஆண்கள் நடக்கும் வேகத்தைக் கடிகாரம் வைத்துப் பார்த்தார்கள். ஆண்கள் பெண்களைவிட மெதுவாக நடந்தார்கள். பெண்களுக்கு வீட்டு வேலை ஓயவில்லையே! அப்படி ஓர் ஆய்வு தங்கவயலின் தெருக்களில் நடந்திருக்க வேண்டும்.

தங்கவயலில் கதை வேறு விதமாகவும் திரும்பியது. அடுத்த தலைமுறை மாரிக்குப்பத்தில் விடியுமுன் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறது. போக ஏறத்தாழத் தொண்ணூறு கிலோமீட்டர், வர அதே அளவு. டிபன் பாக்ஸ் மடியில், தலை ஜன்னல் கம்பியில். 2002இல் வெளியான ஒரு சோதனையில், சில இரவுகள் நாலு மணி நேரமே தூங்கியவர்களுக்குக் ஃப்ளூ தடுப்பூசி போட்டபோது, பத்து நாள் கழித்து அவர்கள் உடலில் ஊறிய எதிர்ப்பாற்றல் நன்றாகத் தூங்கியவர்களில் பாதிக்கும் குறைவாக இருந்தது. ‘எட்டு மணி நேரம் தூங்குங்கள்’ என்று இந்தப் பயணிகளுக்கு அறிவுரை சொல்பவர் ரயில்வே கால அட்டவணையையும் கையில் வைத்துக்கொண்டு பேசட்டும்.

ஆகவே கட்டுரையாளர்களுக்கு ஒரு கோரிக்கை. ஒருவரின் பழக்கத்தைக் கெட்டது என்று எழுதும்போது, அவருடைய நாளை அவருக்கு வகுத்துக் கொடுத்தது யார் என்பதையும் பக்கத்திலேயே எழுதுங்கள். ராஜஸ்தான் 2019இல் தூசி நோய்களுக்கென்று தனிக் கொள்கை வகுத்து, நோயாளிகளைப் பதிவு செய்து உதவித்தொகை கொடுக்க வழி செய்தது. சிலிகோசிஸ் முதலில் பதிவான மண்ணில் முன்னாள் சுரங்கத் தொழிலாளர்களுக்கு அப்படி என்ன செய்யலாம் என்பது பிற்பகல் அமர்வின் பொருள். அதில் மருத்துவர்கள் மட்டும் பேசினால் போதாது, ரயில் பயணிகளும் பேச வேண்டும் என்பதற்காகவே இந்தக் கருத்தரங்கு ஞாயிற்றுக்கிழமையில் வைக்கப்பட்டிருக்கிறது.