இணையத்தின் பிடியில் இளையர்: ஏவலும் வினாவும்



மனநல மருத்துவர் பேசவேண்டிய பொருளை மொழியியல் படித்தவன் பேசலாமா என்று உங்களில் சிலர் எண்ணக்கூடும். இணையப் பழக்கத்திலிருந்து மீள முடியாத மாணவர்க்கு அளிக்கப்படும் உளவியல் சிகிச்சைகளில் பேச்சே முதன்மையான கருவி. பேச்சு மருந்தாகும் இடத்தில் மொழியியலாருக்கும் சிறிது பணி உண்டு.

முதலில் சொல்லைப் பார்ப்போம். 'அடிமை' என்னும் சொல் தமிழில் ஒரு நிலையையும் குறிக்கும். அந்நிலையில் உள்ள ஆளையும் குறிக்கும். பதினான்கு வயதுச் சிறுவனைக் 'கைத்தொலைபேசிக்கு அடிமை' என்று நாம் அழைக்கும்போது, அவன் செய்வதைச் சொல்கிறோமா, அவன் இன்னான் என்றே முத்திரை குத்துகிறோமா? மருத்துவத்துறை இதில் கவனமாக நடந்துகொள்கிறது. உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் ஏற்றுக்கொண்டு, 2022 ஜனவரி முதல் நடப்புக்குக் கொண்டுவந்த நோய் வகைப்பாட்டில் 'மின்விளையாட்டுக் கோளாறு' இடம்பெற்றுள்ளது. கட்டுப்பாட்டை இழத்தல், பிற கடமைகளையும் நாட்டங்களையும் விட விளையாட்டையே முன்னிறுத்தல், கேடு விளைந்தபின்னும் தொடர்தல் ஆகிய மூன்றும் பொதுவாகப் பன்னிரண்டு மாதங்கள் நீடித்து, வாழ்க்கையைக் கடுமையாகப் பாதித்திருக்க வேண்டும் என்கிறது அது. பள்ளி விடுமுறையில் இரண்டு வாரம் விளையாடித் தீர்த்த பிள்ளையை அது நோயாளி என்று சொல்வதில்லை.

சிகிச்சைகளுள் அதிகம் ஆராயப்பட்டது அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை. மனச்சோர்வுக்காக ஆரன் பெக் 1960களில் வகுத்த முறை இது. அமெரிக்க உளவியலாளர் கிம்பர்லி யங் இதனை இணையப் பழக்கத்துக்கு ஏற்ப மூன்று படிகளாக அமைத்தார். முதற்படி, நடத்தையை ஒழுங்குசெய்தல்: எப்போது இணையத்தை நாடினான், அதற்கு முன் என்ன நடந்தது என்பதை மாணவனே குறித்துவைக்கிறான். இரண்டாம் படி, எண்ணத்தைச் சோதித்தல்: 'அங்கே மட்டுந்தான் என்னை மதிக்கிறார்கள்' என்பது போன்ற நினைப்பைச் சொல்லாக்கி, அது முற்றும் உண்மையா என்று ஆராய்கிறான். மூன்றாம் படி, அப்பழக்கத்துக்குக் காரணமான தனிமை, அச்சம், குடும்பப் பூசல் ஆகியவற்றைக் கவனித்தல். இணையத்தை அறவே துறப்பது இச்சிகிச்சையின் நோக்கமன்று. வீட்டுப்பாடமே கணினி வழி வரும் சிங்கப்பூரில் அது இயலவும் இயலாது.

ஷாங்காய் நகரப் பள்ளி மாணவரிடையே நடந்து 2010இல் வெளியான ஓர் ஆய்வை இங்கே குறிப்பிட விரும்புகிறேன். 12 முதல் 17 வயது வரையிலான 56 பேர் அதில் பங்கேற்றனர். 32 பேருக்குப் பள்ளியிலேயே எட்டு அமர்வுகளில் குழுச் சிகிச்சை அளிக்கப்பட்டது. 24 பேருக்கு அளிக்கப்படவில்லை. முடிவில், இரு சாராரிடமும் இணையப் பயன்பாடு குறைந்திருந்தது! ஆயினும் நேரத்தை ஆளும் திறனும் உணர்வு, எண்ணம், நடத்தை ஆகியவற்றில் முன்னேற்றமும் சிகிச்சை பெற்றவரிடமே காணப்பட்டன. சிறிய ஆய்வுதான். ஆனால் மணிக்கணக்கை மட்டும் அளந்துகொண்டிருக்கும் பெற்றோர் சிந்திக்க வேண்டிய ஆய்வு. குறைய வேண்டியது நேரம் மட்டுமன்று. வளர வேண்டியது தன்னை ஆளும் திறன்.

இனி என் துறைக்கு வருகிறேன். வில்லியம் மில்லர் 1983இல் முன்வைத்து, பின்னர் ஸ்டீபன் ரோல்னிக்குடன் விரித்துரைத்த 'ஊக்கமூட்டும் நேர்காணல்' என்னும் முறை உண்டு. மாற வேண்டியதன் காரணத்தை ஆலோசகர் எடுத்துரைப்பதில்லை. மாணவன் வாயிலிருந்தே அது வரும்படி வினவுகிறார். கட்டளையிட்டால் மனம் மறுப்பைத் தேடும். வினவினால் விடையைத் தேடும் என்பதே இம்முறையின் உட்கருத்து.

நன்னூலார் வினாவை ஆறாகப் பகுத்தார்: அறிவினா, அறியாவினா, ஐயவினா, கொளல்வினா, கொடைவினா, ஏவல்வினா. நம் வீடுகளில் ஒலிப்பவற்றை இவ்வாறில் வைத்துப் பாருங்கள். 'மணி என்ன தெரியுமா?' என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே கேட்பது அறிவினா. 'வீட்டுப்பாடம் செய்தாயா?' என்பது பெரும்பாலும் ஏவல்வினா. விடைக்காகக் கேட்பதன்று, வேலை வாங்கக் கேட்பது. 'அந்த விளையாட்டில் உனக்குப் பிடித்தது என்ன?', 'அதை நிறுத்தியதும் மனம் எப்படி இருக்கிறது?' இவை அறியாவினாக்கள். கேட்பவர்க்கு விடை தெரியாது, தெரிந்துகொள்ள விரும்புகிறார். ஆலோசகர் பெரிதும் கையாள்வது இதனையே. நம் வீட்டில் மிக அரிதாகக் கேட்பதும் இதுவே.

மொழி மன்றத்தில் இதை நான் வலியுறுத்துவதற்கு ஒரு காரணம் உண்டு. நம் பிள்ளைகளில் பலர் பள்ளியில் ஆங்கிலம் பேசுகின்றனர்; இணையத்திலும் ஆங்கிலத்திலேயே உறவாடுகின்றனர். வீட்டில் அவர்கள் கேட்கும் தமிழ் 'எழுந்திரு', 'படி', 'அதை வை' என்னும் ஏவல் வினைமுற்றுகளாகவே சுருங்கிவிட்டால், தமிழ் அவர்களுக்குக் கண்டிப்பின் மொழியாக மட்டுமே நிலைத்துவிடும். மனம் வாடும் வேளையில் அம்மொழியில் வாய் திறக்க அவர்களுக்குத் தோன்றாது. திரையே துணை என்று ஒதுங்குவர். அவ்வாறாயின் பிள்ளையையும் இழப்போம், மொழியையும் இழப்போம்.

தூக்கம் கெட்டு, பள்ளிக்குச் செல்ல மறுத்து, தடுத்தால் வன்முறையில் இறங்கும் பிள்ளைக்கு வீட்டுப் பேச்சு மட்டும் போதாது. பள்ளி ஆலோசகரையும், தேவைப்பட்டால் மனநலக் கழகத்தையும் தயங்காமல் நாடுங்கள். அந்நிலை வராமல் காப்பதற்கு, நாளுக்கு ஓர் அறியாவினாவேனும் தமிழில் கேளுங்கள். கேட்டபின் விடை வரும்வரை பொறுத்திருங்கள்.