மருத்துவப் பணியும் மனித வாழ்வும்

(பொன்விழாவையொட்டி நடைபெற்ற மாணவர், பெற்றோர் கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



பொன்விழா ஆண்டில் கோயில் திருப்பணி பற்றியும் தேர்ப்பவனி பற்றியும் நிறையப் பேசிவிட்டோம். இன்று நம் பிள்ளைகளைப் பற்றிப் பேசுவோம். வீடு சந்திக்க வரும்போது, "மேலே என்ன படிக்கப் போகிறாய்?" என்று பிள்ளையைக் கேட்கிறோம். பல வீடுகளில் பிள்ளை வாய் திறக்கும் முன்பே தாய் பதில் சொல்லிவிடுகிறார்: "டாக்டருக்குத்தான் சாமி!"

நல்ல ஆசைதான். காமராசர் முதலமைச்சராக இருந்த காலத்தில் தஞ்சைக்கு மருத்துவக் கல்லூரி வந்தது. 2020 முதல், அரசுப் பள்ளியில் படித்து நீட் தேர்வில் தேறிய பிள்ளைகளுக்கு மருத்துவ இடங்களில் 7.5 விழுக்காடு ஒதுக்கப்படுகிறது. ஆகவே நடவுக் கூலிக்குப் போகும் தாயின் மகளும் இன்று வெள்ளைக் கோட்டு அணிய முடிகிறது. இதற்காக இறைவனுக்கு நன்றி சொல்லுவோம்.

ஆனால் பட்டம் பெற்றபின் அந்தப் பிள்ளை எப்படி வாழப்போகிறது என்று நம்மில் எவரும் கேட்பதில்லை. பயிற்சிக் காலம் உட்பட ஐந்தரை ஆண்டுப் படிப்பு, மேற்படிப்புக்கு மூன்றாண்டு. அதன்பின் வழிகள் இரண்டு. ஒன்று, கடைத்தெருவில் சொந்தமாகக் கிளினிக் வைப்பது. மற்றொன்று, மருத்துவமனையிலேயே பணியாற்றுவது. வார்டில் படுத்திருக்கும் நோயாளிகளைக் கவனிப்பதும், அவசரப் பிரிவில் விழித்திருப்பதும், இரவு டூட்டி பார்ப்பதும் இந்த இரண்டாம் வழி. அமெரிக்க நாட்டில் 1996-இல் இவர்களுக்கென்றே ஹாஸ்பிட்டலிஸ்ட் என்று ஒரு பெயரும் சூட்டினார்கள். இந்த வழியைப் பற்றியே இன்று சொல்ல விரும்புகிறோம்.

நம் மண் பெற்ற மருத்துவர் ஒருவரை முதலில் நினைவுகூர்வோம். கும்பகோணத்தை அடுத்த சருக்கை என்னும் ஊரில் 1882-இல் பிறந்தவர் டாக்டர் ரங்காச்சாரி. சென்னையில் அரசு மருத்துவராக இருந்து, பின்னர் சொந்த மருத்துவமனை நடத்தினார். விடியற்காலை நான்கு மணிக்கே அறுவை சிகிச்சையைத் தொடங்கிவிடுவார் என்றும், நாளொன்றுக்குப் பதினெட்டு மணி நேரம் உழைப்பார் என்றும் சொல்வார்கள். தொலைவிலுள்ள நோயாளிகளிடம் விரைந்து செல்லச் சிறு விமானம் ஒன்றையே வாங்கினார். 1934-இல் டைபாய்டு காய்ச்சல் அவரைக் கொண்டுபோயிற்று. அறுபது வயதைக் காணவில்லை. சென்னைப் பொது மருத்துவமனை வாயிலில் அவருடைய சிலை இன்றும் நிற்கிறது.

இன்னொருவர் டாக்டர் வி. சாந்தா. அரசுப் பணி கைக்கு வந்தும், டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி நிறுவிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில் 1955-இல் சேர்ந்தார். அப்போது அங்கே இருந்தவை பன்னிரண்டு படுக்கைகளே. குடும்பம் என்று ஒன்றை அமைத்துக்கொள்ளாமல், மருத்துவமனை வளாகத்திலேயே வாழ்ந்து, 2021-இல் தம் 93-ஆம் வயதில் மறைந்தார். நாமும் நம் கன்னியர்களும் துறவறத்தை ஏற்றதுபோல, அவர் தம் வாழ்வை அவ்வாறு தேர்ந்துகொண்டார். அது தனி அழைத்தல், எல்லார்க்கும் உரியதன்று. மனைவி மக்களோடு வாழப்போகும் பிள்ளையிடம் போய், "நீயும் அப்படியே இரு" என்று சொல்வது நியாயமாகுமா?

அப்படிச் சொன்ன குற்றம் நமக்கும் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் நாம் பணி செய்த பங்கில், ஓர் எளிய விவசாயியின் மகன் மருத்துவனாகி வெளியூர் மருத்துவமனை ஒன்றில் சேர்ந்தான். "பையன் வீட்டுக்கே வருவதில்லை சாமி, தூங்குவதும் இல்லையாம்" என்று தந்தை வருந்தினார். "சேவை செய்கிறவனைத் தடுக்காதீர்கள்" என்று அவரை அடக்கினோம். பிரசங்கத்திலும் அந்தப் பிள்ளையை வானளாவப் புகழ்ந்தோம். ஒருநாள், முப்பது மணி நேரத்துக்கு மேல் வேலை பார்த்துவிட்டு மோட்டார் சைக்கிளில் வந்தவன், கண் அயர்ந்து வாய்க்கால் மதகில் மோதினான். உயிர் தப்பியது, கால் முறிந்தது.

பார்க்கப் போனோம். அவன் சொன்னது இன்றும் நம் நெஞ்சில் முள்ளாக இருக்கிறது. "நான் விழுந்தது பெரிதில்லை சாமி. அன்று விடியற்காலை ஒரு குழந்தைக்கு மருந்தின் அளவைத் தப்பாக எழுதிவிட்டேன். நர்ஸ் அக்கா கவனித்துத் தடுத்தார். அவர் கவனிக்காவிட்டால்? 'என்னால் முடியவில்லை, வேறு ஆளைப் போடுங்கள்' என்று கேட்கக் கூச்சமாக இருந்தது. கோயிலில் நீங்கள் சொன்ன பேச்சைக் காப்பாற்ற வேண்டுமே!"

நாம் தலைகுனிந்து நின்றோம். தூக்கமில்லாத கை நோயாளிக்கும் ஆபத்து என்பது நமக்குத் தோன்றாமற் போயிற்று. பயிற்சி மருத்துவர்களின் தொடர்ச்சியான வேலை பொதுவாக நாளொன்றுக்கு 12 மணி நேரத்தைத் தாண்டலாகாது, வார விடுமுறை வேண்டும் என்று நடுவண் அரசு 1992-லேயே நெறி வகுத்திருக்கிறது. ஏட்டில் எழுதியது எல்லா இடத்திலும் நடப்புக்கு வருவதில்லை. அதற்கு நம்மைப் போன்றோரின் புகழ்ச்சியும் ஒரு காரணம்.

காவிரிக் கரையில் பிறந்த நமக்கு இது விளங்காததன்று. மேட்டூர் அணையை ஜூன் 12-இல் திறப்பதும் ஜனவரி 28-இல் மூடுவதும் வழக்கம். மூடுகிறார்களே என்று எவரும் அணையைத் திட்டுவதில்லை. மூடியிருக்கும் மாதங்களில்தான் மதகைப் பழுதுபார்க்கிறோம், வாய்க்காலைத் தூர் வாருகிறோம். ஆண்டு முழுவதும் திறந்தே கிடந்தால் குறுவைக்கு நீர் ஏது?

தண்ணீர் குறையும் காலத்தில் முறைப்பாசனம் வைக்கிறோம். என் முறை முடிந்தால் மடையை அடுத்தவருக்கு விடவேண்டும். விடும்போது, எங்கே கரை உடைந்திருக்கிறது, எந்த வயலுக்கு இன்னும் பாயவில்லை என்று சொல்லிவிட்டுப் போவதே நல்ல விவசாயிக்கு அழகு. மருத்துவமனைப் பணியின் சிறப்பும் இதுவே. தனியே கிளினிக் வைத்தவரை நள்ளிரவிலும் கதவு தட்டுவார்கள், மாற்றாள் கிடையாது. மருத்துவமனையிலோ, ஒருவர் முறை முடிந்ததும் இன்னொருவர் வருகிறார். எந்தப் படுக்கையில் யார், என்ன மருந்து, இரவில் எதைக் கவனிக்க வேண்டும் என்று ஒழுங்காகச் சொல்லி ஒப்படைக்கக் கற்றவன், மனச்சாட்சி உறுத்தாமல் வீட்டுக்குப் போகலாம். ஒப்படைப்பது கைவிடுவதாகாது. நாம் இல்லாவிட்டால் உலகம் நின்றுவிடும் என்று எண்ணுவதில் சற்றே அகந்தையும் கலந்திருக்கிறது.

நம் ஆண்டவரும் மாலை முழுவதும் நோயாளிகளைக் குணமாக்கிவிட்டு, விடியுமுன் தனியிடம் சென்று செபித்தார். எல்லாரும் தேடுகிறார்கள் என்று சீடர்கள் வந்து சொன்னபோதும், அடுத்த ஊருக்குப் புறப்பட்டார். அவரைவிட நாம் பெரியவர்களா?

ஆகவே, மாணவச் செல்வங்களே, மருத்துவமனைப் பணியைத் துணிந்து தேர்ந்துகொள்ளுங்கள். அங்கே தனியாளாக நிற்க வேண்டியதில்லை. ஆனால் சேருமுன் சம்பளத்தை மட்டும் கேட்காதீர்கள். இரவு டூட்டி எத்தனை, வார ஓய்வு உண்டா, ஒப்படைக்க ஆள் உண்டா என்றும் கேளுங்கள். அவசர நேரத்தில் கடிகாரம் பார்க்காதீர்கள். அவசரம் தீர்ந்தபின் தூங்க வெட்கப்படாதீர்கள்.

பெற்றோர்களே, கடன் அடைக்கவும் மாடி கட்டவும் பிள்ளையை இரண்டு மருத்துவமனைக்கு ஓட விடாதீர்கள். மருமகள் மருத்துவரானால், இரவு டூட்டி முடித்து வருபவளிடம் காப்பி போடச் சொல்லாதீர்கள். நீங்கள் போட்டுக் கொடுங்கள்.

நோயாளிகளாகப் போகும் நாமும், "நேற்றைய டாக்டர் எங்கே?" என்று புது மருத்துவரிடம் முகம் சுளிக்க வேண்டாம். நேற்றையவர் தம் குழந்தையோடு உட்கார்ந்து சோறு உண்ணட்டும். நாளை நம்மைத் தொடும் கை தெளிவாக இருக்கும்.

கால் முறிந்த அந்தப் பிள்ளை இப்போது நலமாகப் பணி செய்கிறான். ஞாயிற்றுக்கிழமைகளில் முறை மாற்றிக்கொண்டு, தந்தையின் அருகில் பூசை காண்கிறான் என்று கேள்விப்பட்டோம். அவனைப் பற்றி இனி எங்கும் பிரசங்கம் செய்வதில்லை என்று இருந்தோம். உங்கள் பிள்ளைகளுக்காக இன்று ஒருமுறை அதை மீறினோம்.

ஆரோக்கிய அன்னை உங்கள் பிள்ளைகளையும், அவர்கள் தொட்டுக் குணமாக்கப்போகும் மக்களையும் காத்தருள்வாளாக.