‘கேன்’ வேறு, ‘மே’ வேறு

(தூத்துக்குடியில் துறைமுக, பஞ்சாலை, உப்பளத் தொழிலாளர்களுக்கான மாலை வகுப்பில் ஆற்றிய உரை)



இன்றைய பாடம் மூன்றே மூன்று இங்கிலீஷ் சொற்கள்: ‘கேன்’, ‘மே’, ‘ஷல்’. இலக்கணம் நமக்கெதற்கு என்று எழுந்து போய்விடாதீர்கள். இம்மூன்றும் நம் கூலியோடும் உயிரோடும் சம்பந்தப்பட்டவை.

முதலில் நம் தமிழையே பார்ப்போம். ‘இந்த மூட்டையை என்னால் தூக்க முடியும்’ என்றால் அது உடம்பின் வலு. ‘நீ வீட்டுக்குப் போகலாம்’ என்றால் மேஸ்திரி தரும் அனுமதி. ‘கூலியைக் கொடுத்தே தீரவேண்டும்’ என்றால் கட்டாயம். வலுவுக்குக் ‘கேன்’, அனுமதிக்கு ‘மே’, கட்டாயத்துக்கு ‘ஷல்’. ஏட்டில் இவ்வளவுதான். வேலைத்தலத்தில்தான் குழப்பம் வருகிறது.

வலுவும் அனுமதியும் ஒன்றல்ல என்பதை இந்தக் கடற்கரைக்காரர்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. கல்லைக் கட்டிக்கொண்டு, மூச்சை அடக்கி, எட்டுப் பத்துப் பாகம் ஆழத்தில் இறங்கிச் சிப்பி அள்ளும் வலு நம் முத்துக்குளிப்போருக்கு இருந்தது. ஆனால் எந்தப் பாரில், எந்த நாளில் இறங்கலாம் என்று சொல்லும் அதிகாரம் சர்க்காரிடம் இருந்தது. சர்க்கார் சலாபம் அறிவித்தால்தான் தோணி புறப்படும். அள்ளி வந்த சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கு சர்க்காருக்கு. ஒரு பங்குதான் குளித்தவனுக்கு. 1955இல் தொடங்கிய சலாப வரிசை 1961இல் முடிந்தது. பிறகு இங்கே சலாபம் நடக்கவில்லை. மூச்சடக்கியவனிடம் ‘கேன்’ இருந்தது. கரையில் உட்கார்ந்தவனிடம் ‘மே’ இருந்தது. லாபம் எந்தச் சொல்லின் பக்கம் போயிற்று என்பதைக் கவனியுங்கள்.

இப்போது ஆலைக்குள் வருவோம். ஷிப்டு முடியும் நேரம். மேற்பார்வையாளர் வந்து, “கேன் யூ டூ ஓவர்டைம்?” என்கிறார். நம்மவர், “கேன் சார்” என்கிறார். அவர் மனதில் இருப்பது என்ன? ‘உடம்பில் தெம்பு இருக்கிறது’ என்பதுதான். பதிவேட்டில் ஏறுவது என்ன? ‘சம்மதித்தார்’ என்பது! தெம்பைப் பற்றிக் கேட்ட கேள்விக்குச் சொன்ன பதில், சம்மதமாக மாறிவிட்டது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிற்பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில், தொழிலாளியின் சம்மதத்தோடுதான் மிகைநேர வேலை வாங்கலாம், அதற்கு இரட்டைக் கூலி தரவேண்டும் என்று இருக்கிறது. அந்தத் தொகுப்பைப் பற்றி நமக்குள்ள தகராறு வேறு; அதை வேறொரு நாள் பேசுவோம். சம்மதம் என்ற சொல் அங்கே இருக்கும்போது, அதை ஒரு ‘கேன்’ விழுங்கிவிட விடக்கூடாது. சம்மதம் இருந்தால் “ஐ அக்ரி” என்று சொல்லுங்கள். இல்லையென்றால் “ஐ டூ நாட் அக்ரி” என்று சொல்லுங்கள்.

மறுக்கும்போதும் ஒரு கண்ணி இருக்கிறது. தமிழில் ‘முடியாது’ என்பது இரட்டைச் சொல். ‘இந்த வயதில் ஏணி ஏற முடியாது’ என்பது இயலாமை. ‘ஏணிப்படி உடைந்திருக்கிறது, ஏற முடியாது’ என்பது மறுப்பு. குரலை வைத்தே நாம் பிரித்தறிந்து கொள்வோம். இரண்டாவதை மொட்டையாக “ஐ கேனாட்” என்று சொன்னால், ‘இவர் வேலைக்குத் தகுதியில்லாதவர்’ என்று எழுதி வைக்க இடம் கொடுக்கிறோம். காரணத்தை முன்னால் வையுங்கள்: “த லேடர் இஸ் நாட் சேஃப்.” அப்போது குற்றம் ஏணியின் மேல் நிற்கும், உங்கள் உடம்பின் மேல் நிற்காது.

மூட்டை விஷயத்துக்கு வருவோம். “அவனால் தூக்க முடிகிறதே, தூக்கட்டுமே” என்பது காண்டிராக்டரின் வாதம். சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனம் 1967இல் சுமை பற்றி ஓர் ஒப்பந்தம் செய்தது, 127ஆம் எண். உடல்நலத்தைக் கெடுக்கக்கூடிய பளுவைத் தூக்கும்படி எந்தத் தொழிலாளியையும் கட்டாயப்படுத்தவும் கூடாது, அனுமதிக்கவும் கூடாது என்பது அதன் சாரம். ‘அனுமதிக்கவும் கூடாது’ என்பதை இன்னொரு முறை படியுங்கள். அவனே முன்வந்தாலும் கூடாது! வயிற்றுக்காக அவன் முன்வருவான் என்று எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. அதோடு வந்த சிபாரிசு, வளர்ந்த ஆண் தொழிலாளிக்கு 55 கிலோ என்று வரம்பு சொல்கிறது. அறுபதைத் தூக்கும் தோள் நம்மிடம் ஏராளம். வரம்பு தோளை அளப்பதற்கு அல்ல, முதுகெலும்பைக் காப்பதற்கு.

இந்தக் குழப்பம் படிக்காதவனுடைய குழப்பம் என்று யாராவது சிரித்தால், கப்பல் கேப்டன்களைக் காட்டுங்கள். 1974இல் பெரிய துறைமுகமாக்கப்பட்ட நம் துறைமுகத்துக்குப் பல தேசத்துக் கப்பல்கள் வருகின்றன. மாலுமிகள் எந்தத் தேசத்தவரானாலும் வயர்லெஸ்ஸில் பேசுவது இங்கிலீஷ். “யூ மே என்டர்” என்று கரையிலிருந்து குரல் வந்தால், அது அனுமதியா, ‘நுழையக்கூடும்’ என்ற ஊகமா? தவறாகப் புரிந்துகொண்டு விபத்துகளே நடந்திருக்கின்றன. ஆகவே சர்வதேசக் கடல்சார் ஸ்தாபனம் 2001 நவம்பரில் ஏற்றுக்கொண்ட பேச்சுமுறைத் தொகுப்பு, அனுமதி கேட்க ‘மே’யும் வேண்டாம், ‘கேன்’னும் வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டது. ‘பெர்மிஷன்’ இருக்கிறதா என்று நேராகக் கேள், ‘பெர்மிஷன்’ இருக்கிறது என்று நேராகச் சொல் என்பது ஏற்பாடு. பெரிய கப்பலை ஓட்டுகிறவனுக்கே இந்த எச்சரிக்கை வேண்டியிருக்கிறது. கப்பலின் அடித்தளத்தில் இறங்குகிற நாமும், “டூ வீ ஹேவ் பெர்மிஷன்?” என்று கேட்டு, ‘யெஸ்’ என்ற பதிலை வாங்கிக்கொண்டு இறங்குவோம். வின்ச் சத்தத்தில் ‘கேன்’னும் ‘கான்ட்’டும் ஒன்றுபோலவே காதில் விழும். மறுக்கும்போது ‘நாட்’டை முழுசாக, உரக்கச் சொல்லுங்கள்.

பலகைகளிலும் கவனம் வேண்டும். “த ஷிப் மே நாட் அரைவ்” என்றால் கப்பல் வராமலும் போகலாம். “வொர்க்கர்ஸ் மே நாட் என்டர்” என்றால் தொழிலாளர் நுழையக்கூடாது. சொல் ஒன்றேதான், ஆனால் ஒன்று சந்தேகம், மற்றது தடை.

இனி சட்டம். 1908 பிப்ரவரி 27 அன்று இதே ஊரில் கோரல் மில் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். அவர்களோடு நிற்க வ.உ.சி. இருந்தார், அவர் வக்கீல், இங்கிலீஷ் காகிதத்தைப் படிக்கத் தெரிந்தவர். எல்லா ஆலைக்கும் அப்படியொருவர் வாய்ப்பதில்லை. ஆகவே ஒப்பந்தம் கைக்கு வந்ததும் நாமே பென்சிலை எடுத்து, ‘மே’ வரும் இடத்திலெல்லாம் கோடு போடவேண்டும். ‘நிர்வாகம் போனஸ் வழங்கலாம்’ என்றால் வழங்காமலும் இருக்கலாம். ‘ஷல்’ இருந்தால்தான் கடன். 1948ஆம் ஆண்டுக் குறைந்தபட்சக் கூலிச் சட்டம், நிர்ணயித்த கூலியை முதலாளி கொடுக்கவேண்டும் என்று ‘ஷல்’ போட்டே எழுதப்பட்டது. வயல்வேலை செய்யும் தோழர்கள் பேசும்போது பிடித்துக்கொண்டது அந்த ஒரு சொல்லைத்தான்.

1947ஆம் ஆண்டுத் தொழில் தகராறு சட்டத்தில் இன்னும் ருசியான இடம் ஒன்று இருந்தது. 12ஆம் பிரிவு. தகராறு வந்தால் சமரச அதிகாரி பேச்சுவார்த்தை ‘நடத்தலாம்’. பொதுப் பயன்பாட்டுச் சேவையில் வேலைநிறுத்த நோட்டீஸ் கொடுக்கப்பட்டிருந்தால் ‘நடத்தவேண்டும்’. ஒரே வாக்கியத்தில் ‘மே’யும் ‘ஷல்’லும்! முன்னதைப் பின்னதாக மாற்றியது எது? தொழிலாளர்கள் கையெழுத்திட்ட நோட்டீஸ். அந்தச் சட்டத்தின் இடத்தில் 2025 நவம்பர் 21 முதல் தொழிலுறவுத் தொகுப்பு வந்துவிட்டது. அதையும் இதே பென்சிலோடு படிக்கவேண்டும்.

அடுத்த வாரம் லீவு விண்ணப்பம் எழுதுவோம். உங்கள் ஆலையின் நிலையாணைப் பிரதி கிடைத்தால் ஆளுக்கொன்று கொண்டு வாருங்கள்.